வீட்டிலேயே உடற்பயிற்சி: ஊரடங்கில் தொடங்கி இன்றுவரை என்ன நிலைத்தது

2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டபோது திருகோணமலையில் காலையும் மாலையும் நடக்கப் போகிறவர்கள் எல்லோருக்கும் வழி அடைபட்டது. டச்பே கடற்கரையும் இல்லை, கோட்டைக்குள்ளால் கோணேசர் கோயிலுக்கு ஏறுகிற பாதையும் இல்லை. அப்போது வீட்டு விறாந்தையில் தொடங்கிய பயிற்சியை ஊரடங்கு முடிந்த பிறகும் விடாமல் வைத்திருக்கிறேன். ஒரு பொருளை வாங்கி ஒரு வாரத்தில் அனுபவம் எழுதுகிறவர்கள் நிறையப் பேர். சில வருடம் போன பிறகு எது மிஞ்சியது, எது கழன்றது என்று எழுதுகிறவர்கள் குறைவு. தொடங்கப்போகிறவர்களுக்கு அதுதான் தேவை என்று நினைக்கிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னை இவ்வளவு காலம் தொடர வைத்தது, வீட்டில் எப்படியும் நடக்கிற ஒரு வேலையோடு பயிற்சியைக் கட்டிவிட்டதுதான். அலுவலகத்தால் வந்து சேலையை மடித்து வைத்ததும் வீட்டுச் சட்டையைப் போடாமல் நேராகப் பயிற்சி உடுப்பைப் போடுவேன். தேத்தண்ணி அதற்குப் பிறகுதான். இன்றைக்குச் செய்வோமா வேண்டாமா என்று யோசிக்க அங்கே இடமே இல்லை. யோசிக்கத் தொடங்கினால் களைப்புத்தான் வெல்லும். எட்டு மணித்தியாலம் கதிரையில் இருந்துவிட்டு வருகிறவருக்கு அது நன்றாகத் தெரியும்.

மே மாதம் பிறந்து கச்சான் காற்று வீசத் தொடங்கினால் இந்த ஏற்பாடு சரிவராது. பின்னேரத்தில் சுவரே சுடும். அதனால் கச்சான் காலத்தில் பயிற்சியைக் காலைக்கு மாற்றுவேன். எங்கள் வீட்டில் கிணற்று மோட்டரைப் போட்டால் மேலே உள்ள தண்ணீர்த் தாங்கி நிரம்ப இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். தாங்கி நிரம்பி வழியும்வரை பயிற்சி. மணிக்கூடு பார்க்கத் தேவையில்லை. மாரி மழை தொடங்கியதும் திரும்பவும் பின்னேரம். வருடம் முழுக்க ஒரே நேரம் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கு எங்கள் ஊர் ஒத்துழைக்காது. ஊரின் காலநிலையைப் பார்த்து இரண்டு நேரம் வைத்துக்கொள்வதே நல்லது.

அடுத்தது, கெட்ட நாளுக்கென்று ஒரு குறைந்த அளவு. பிள்ளைக்குக் காய்ச்சல், அலுவலகத்தில் வருட முடிவுக் கணக்கு, வீட்டில் விருந்தாளிகள், இப்படிப்பட்ட நாட்களில் பத்துத் தடவை கதிரையில் இருந்து எழும்புவது, பத்துத் தடவை சுவரில் கை ஊன்றித் தள்ளுவது. ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். இதைச் சிலர் பேருக்குச் செய்வது என்பார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒரு தடவையில் குறைந்தது 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று உலக சுகாதார அமைப்பு முன்பு சொல்லியிருந்தது. 2020 இல் வெளியிட்ட வழிகாட்டலில் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டது. வளர்ந்தவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான அசைவு, அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கான பயிற்சி. அந்த நிமிடங்களைத் துண்டு துண்டாகச் சேர்த்தாலும் சேர்த்ததுதான். மிதமானது என்றால் என்ன என்று குழம்ப வேண்டாம்: பேசலாம், ஆனால் பாட முடியாது. அந்த அளவு மூச்சு வாங்கினால் சரி.

பழக்கம் படிய எத்தனை நாள் என்று எல்லோரும் கேட்பார்கள். 21 நாள் என்ற பேச்சைக் கேட்டுத் தொடங்கி, இருபத்திரண்டாவது நாளும் உடம்பு மறுக்கிறதே என்று விட்டவர்களை எனக்குத் தெரியும். லண்டன் யுனிவர்சிற்றி கொலிஜில் பிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் 96 பேரை 12 வாரம் கவனித்தார்கள். ஒரு பழக்கம் தானாக ஓடத் தொடங்கச் சராசரியாக 66 நாள் ஆகும் என்று அவர்கள் கண்டார்கள். ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம் (12 வாரத்தைத் தாண்டிய நாட்கள் அவர்கள் கணக்கிட்டு மதிப்பிட்டவை). தண்ணீர் குடிப்பது போன்ற பழக்கங்களைவிட உடற்பயிற்சி படியக் கூடுதல் நாள் எடுத்தது. எனக்கு மிகவும் தைரியம் தந்தது அவர்கள் சொன்ன இன்னொரு விடயம்: இடையில் ஒருநாள் விட்டுப்போனால் பழக்கம் குலைந்துவிடுவதில்லை. கந்தசஷ்டி விரத நாட்களில் நான் கை கால் நீட்டி மடக்குவதோடு நிறுத்திக்கொள்வேன். கிண்ணியாவில் இருக்கிற என் அலுவலகத் தோழி நோன்பு மாதத்தில் நோன்பு திறந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் செய்வார். இரண்டு பேருக்குமே எதுவும் குலையவில்லை.

இனிப் பொருட்கள். கடற்கரை ஊரில் இரும்பு எதையும் யோசித்து வாங்க வேண்டும். உப்புக் காற்றில் டம்பெல் துருப்பிடிக்கும், ஸ்கிப்பிங் கயிற்றின் பிடிக்குள் இருக்கும் சின்ன உருளைகள் இறுகிவிடும். றப்பர் பட்டிகள் இலேசானவை, இடமும் பிடிக்காது, ஆனால் வெயிலும் சூடும் பட்டால் சீக்கிரம் உக்கும். யன்னலோரம் தொங்கவிடாமல் துணிப் பையில் போட்டு அலுமாரிக்குள் வைத்து, இடைக்கிடை கொஞ்சம் பவுடர் பூசினால் கன காலம் நிற்கும். இழுக்கிறதுக்கு முன் வெடிப்பு இருக்கிறதா என்று ஒருமுறை தடவிப் பாருங்கள். யோகா மெற் பெரிய விலைக்குத் தேவையில்லை. வியர்வையில் வழுக்காமல் இருந்தால் போதும். பாரத்துக்கு ஐந்து லீற்றர் தண்ணீர்க் கான் இருக்கிறது, அது ஐந்து கிலோ.

போன் செயலிகளில் நான் பயன்படுத்திய எதுவும் நிலைக்கவில்லை. 2022 இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய காலம் வந்தபோது வீடியோ பார்த்துச் செய்வதெல்லாம் நின்றுபோனது. சுவர்க் கலண்டரில் பேனையால் போடுகிற புள்ளடி மட்டும் நின்றது. அது குசினி வாசலில் தொங்குவதால் வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும்.

அப்படித்தான் மாமியும் சேர்ந்தார். “பிள்ளை, எனக்கும் ஒரு கலண்டர் மாட்டிவிடு” என்று கேட்டார். எழுபது வயதைத் தாண்டியவர், பிறஷர் குளிசை எடுக்கிறவர். கிளினிக்கில் டொக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் தொடங்கினோம். கதிரையில் இருந்து கை ஊன்றாமல் எழும்புவது, யன்னல் கம்பியைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நிற்பது, குதிக்காலை உயர்த்துவது. பிறஷர் உள்ளவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு பலம் போடக் கூடாது என்பதால் எழும்பும்போது சத்தமாக எண்ணச் சொல்லுவேன். எண்ணுகிறவருக்கு மூச்சு அடங்காது. முன்பு கோயிலில் கீழே இருந்தால் எழும்ப ஒருவர் கை கொடுக்க வேண்டும், இப்போது தானாகவே எழும்புகிறார். இந்த முழு அனுபவத்திலும் எனக்கு மிகப் பெரிய சந்தோசம் இதுதான். ஒருவர் பின்வாங்கும் நாளில் மற்றவர் இழுத்துக்கொண்டு வருவார் என்பதும் அதில் ஒரு இலாபம்.

ஒரு குறை வீட்டுப் பயிற்சியில் இருக்கிறது. தள்ளுகிற பயிற்சிக்குச் சுவரும் தரையும் போதும். இழுக்கிற பயிற்சிக்கு வீட்டில் ஒன்றும் இல்லை. நாள் முழுக்கக் கணினிக்கு முன்னால் கூனி இருக்கிறவர்களுக்கு முதுகுத் தசைதான் அதிகம் தேவை. இருந்தபடி காலை நீட்டி, றப்பர் பட்டியைப் பாதத்தில் சுற்றி, முழங்கையைப் பின்னால் கொண்டுபோய் இழுக்கலாம். தண்ணீர்க் கானை ஒரு கையால் இடுப்புவரை தூக்கலாம். மற்றக் கை கதிரையில் ஊன்றியிருக்க வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர் ஒரே ஒரு பொருள்தான் வாங்கலாம் என்றால், அந்தப் பட்டியை வாங்குங்கள்.