பழைய காரில் புது லைட்: கரண்டை எங்கிருந்து எடுப்பது?

மாருதி 800, அம்பாசிடர் இரண்டுமே 2014-இல் உற்பத்தி நின்றவை. ஆனாலும் தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் அவற்றை விடாமல் வைத்திருப்பவர்கள் நிறைய பேர். மார்கழிப் பனியில் விடியற்காலை வண்டி எடுப்பவருக்கு ஃபாக் லைட் வேண்டும், பிள்ளைகளுக்கு போன் சார்ஜர் வேண்டும். இதற்கெல்லாம் கரண்ட் எடுக்கப் பொதுவாக மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, ஓடுகிற ஒயரைச் சீவி, புது ஒயரை முறுக்கி, டேப் சுற்றிவிடுவது. காசும் நேரமும் மிச்சம். ஆனால் கணக்கு உதைக்கிறது. 55 வாட்ஸ் பல்பு இரண்டு என்றால் 12 வோல்ட்டில் 9 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதை ஹெட்லைட் ஒயரிலேயே ஏற்றினால், ஏற்கெனவே அவ்வளவே சுமக்கும் ஒயர் இரண்டு பங்கு சுமக்க வேண்டும். பழைய வண்டிகள் பலவற்றில் அந்தக் கரண்ட் ஸ்விட்ச் வழியாகவே போகும். ஸ்விட்ச் இளகும், ஃபியூஸ் போகும். உடனே யாராவது நீல 15 ஆம்பியர் ஃபியூஸைக் கழற்றிப் பச்சை 30 ஆம்பியரைச் செருகுவார், அல்லது சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றுவார். ஃபியூஸ் காப்பது ஒயரை, லைட்டை அல்ல. ஒயர் 15-க்குத்தான் என்றால் 30 ஃபியூஸ் போவதற்குள் ஒயர் எரிந்துவிடும்.

இரண்டாவது, ஃபியூஸ் டேப். பிளேடு ஃபியூஸை (தட்டையான இரண்டு கால் உள்ளது) கழற்றிய இடத்தில் இதைச் செருகினால் பழைய ஃபியூஸுக்கு ஒரு இடம், புதியதற்கு ஒரு இடம். சார்ஜர், டேஷ்கேம் போன்ற சின்னச் சாமான்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. சாவியைத் திருப்பினால் மட்டும் உயிர் வரும் ஃபியூஸாகப் பார்த்துச் செருகினால், கொட்டகையில் வாரக்கணக்கில் நிற்கும் வண்டியில் பேட்டரியும் இறங்காது. ஒன்றைக் கவனியுங்கள்: ஃபியூஸ் பாக்ஸில் ஒரு கால் பேட்டரிப் பக்கம், மற்றது சாமான் பக்கம். ஃபியூஸ் டேப்பைத் திருப்பிச் செருகினாலும் வேலை செய்யும், ஆனால் இரண்டு சுமையும் பழைய ஃபியூஸ் வழியாகவே போகும். கண்ணாடிக்குழாய், பீங்கான் ஃபியூஸ் உள்ள பழைய அம்பாசிடர், பத்மினிக்கு இந்த வழி பொருந்தாது.

மூன்றாவது, பேட்டரியிலிருந்து தனி லைன், நடுவில் ரிலே, அதாவது சின்னக் கரண்டால் பெரிய கரண்டைப் போட்டு அணைக்கும் ஸ்விட்ச். ஃபாக் லைட்டுக்கும் பெரிய ஹார்னுக்கும் என் ஓட்டு இதற்குத்தான். முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள்; பாசிட்டிவில் ஸ்பேனர் வைத்திருக்கும்போது அது பாடியில் பட்டால் பொறி பறக்கும். பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் ஹோல்டர் வர வேண்டும். அதற்கு முன்னால் உள்ள ஒயருக்குக் காவல் கிடையாது. பிறகு 15 ஆம்பியர் ஃபியூஸ், 2.5 சதுர மில்லிமீட்டர் ஆட்டோ ஒயர். வீட்டு வயரிங்கில் மிஞ்சியது வேண்டாம், அதிர்வில் இழை அறுந்துபோகும். ரிலேயில் 30 என்று எண் போட்ட முனைக்கு பேட்டரி லைன், 87-க்கு லைட், 85-க்கு எர்த் (வண்டியின் பாடி), 86-க்கு ஸ்விட்ச். ஸ்விட்ச்சுக்கான கரண்டைப் பார்க்கிங் லைட் ஒயரிலிருந்து எடுக்கலாம். ரிலே காயில் கால் ஆம்பியர்கூட இழுக்காது. முதல் வழிக்கு நியாயமான இடம் இங்கே மட்டும்தான், அதுவும் டேப் சுற்றாமல் சால்டர் வைத்து ஸ்லீவ் போட்டால்.

ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போனால்? கழற்றிப் பாருங்கள். கறுத்துச் சிதறியிருந்தால் ஷார்ட். நடுவில் மட்டும் இளகி அறுந்திருந்தால் பெரும்பாலும் அதிகச் சுமை. கம்பி நன்றாக இருந்து பிளாஸ்டிக் உருகியிருந்தால் லூஸ் கான்டாக்ட். ஷார்ட் தேட, ஒவ்வொன்றாய் ஃபியூஸ் செருகிக் காசை எரிக்காதீர்கள். அந்த இடத்தில் 21 வாட்ஸ் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை மாட்டி, அந்த லைனில் உள்ள சாமான்களை எல்லாம் ஆஃப் செய்யுங்கள். ஷார்ட் இருக்கும்வரை பல்பு பிரகாசமாய் எரியும். ஒயரிங்கை அங்கங்கே அசைத்துக்கொண்டே வந்தால் பல்பு அணையும் இடத்தில்தான் வினை. அறுவடை முடிந்து வயல் எலி கொட்டகைக்குள் குடியேறும் நாட்களில் பேட்டரித் தட்டுக்குக் கீழே முதலில் பாருங்கள்.

கரண்ட் வருகிறதா என்று பார்க்க மல்டிமீட்டரா, டெஸ்ட் லேம்ப்பா (ஒயர் மாட்டிய பல்பு) என்றால் பழைய வண்டிக்கு நான் டெஸ்ட் லேம்ப் பக்கம். துரு ஏறிய கான்டாக்ட்டிலும் மீட்டர் 12 வோல்ட் காட்டி ஏமாற்றும், ஏனென்றால் அது கரண்ட் இழுப்பதே இல்லை எனலாம். பல்பு சுமை தருவதால் மங்கிக் காட்டிக்கொடுத்துவிடும்.

மீட்டர் ஜெயிக்கும் இடம் எர்த். நாகப்பட்டினம், வேதாரண்யம் உப்புக்காற்றில் நிற்கும் வண்டியில் லைட் மங்கினால் பாதி வழக்கு அங்கேதான். லைட்டைப் போட்டுவிட்டு, பேட்டரி நெகட்டிவுக்கும் லைட்டின் எர்த் முனைக்கும் இடையே வோல்ட் பாருங்கள். 0.2-க்குள் இருந்தால் சரி. அரை வோல்ட் காட்டினால் போல்ட்டைக் கழற்றி, பெயின்ட்டையும் பச்சைக் களிம்பையும் தகடு தெரியச் சுரண்டி, ஒயர் முனைக்குப் புது லக் (வளையம்) போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். பல்பை மாற்றத் தேவையிருக்காது.