வகைச் சான்றிதழ் பெற்ற ட்ரோனா, உள்ளூரில் பூட்டிய ட்ரோனா?

எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் வாடகை மையத்துக்கு மருந்து தெளிக்கும் ட்ரோன் ஒன்று வாங்கினோம். டெல்டாவில் நெல்லுக்குத் தெளிக்க ஆள் கிடைப்பதே அரிதாகிவிட்டது. அதனால் ட்ரோன் வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை. எதை வாங்குவது என்பதில்தான் இழுபறி. ஒரு பக்கம், வகைச் சான்றிதழ் (ட்ரோன் மாடலைச் சோதித்து அரசுத் தரப்பில் தரும் ஒப்புதல்) பெற்ற 10 லிட்டர் மாடல். மறுபக்கம், உதிரிபாகங்களைத் தருவித்து உள்ளூரிலேயே பூட்டித் தருவது, ஏறத்தாழப் பாதி விலைக்கு. நாங்கள் முதலாவதை எடுத்தோம். மற்றவர்களுக்கும் அதையே சொல்வேன்.

பறப்பதில் பெரிய வேறுபாடு இல்லை. வயலின் எல்லையைக் குறித்துக் கொடுத்தால் இரண்டும் தாமாகவே வரிசை பிடித்துத் தெளிக்கும். டேங்க் காலியானால் திரும்பி வந்து, நிரப்பிய பின் விட்ட இடத்திலிருந்து தொடரும். பேட்டரி இரண்டிலும் தேயும். இயக்குபவருக்கு ரிமோட் பைலட் சான்றிதழ் இரண்டுக்குமே கட்டாயம். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெற்ற எங்கள் ஊர்ப் பிள்ளைகளே பயிற்சி முடித்து அதைப் பெறலாம். 10 ஆண்டுகள் செல்லும்.

வேறுபாடு காகிதத்தில்தான் இருக்கிறது. 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி, இத்தகைய வணிகப் பயன்பாட்டு ட்ரோனுக்கு வகைச் சான்றிதழ் வேண்டும். அது இல்லாத மாடலுக்குத் தனி அடையாள எண் கிடைக்காது. எண் இல்லையென்றால் மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு வழியில்லை. விதிமீறலுக்கு 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத் திட்டத்தில், சான்றிதழ் பெற்ற ட்ரோனை வாங்க எங்களைப் போன்ற வாடகை மையங்களுக்கு 40 சதவீதம், அதிகபட்சம் 4 லட்சம் ரூபாய் மானியம் இருக்கிறது. அதைக் கணக்கில் சேர்த்ததும் பாதி விலை என்ற கவர்ச்சி பெரிதும் கரைந்துவிட்டது.

ஆனால் என்னை முடிவெடுக்க வைத்தது மானியம் அல்ல, மறுவிற்பனை. தெளிப்பு ட்ரோன் டிராக்டரைப் போலத் தலைமுறைக்கு நிற்கும் பொருள் அல்ல. பெரிய டேங்க், மேலான ரேடார் என்று புது மாடல்கள் வந்துகொண்டே இருக்கின்றன. சில ஆண்டுகளில் மாற்றத்தான் தோன்றும். அடையாள எண் உள்ள ட்ரோனை விற்கும்போது, டி-3 படிவத்தில் விற்பவர், வாங்குபவர் விவரங்களைக் கொடுத்து, 100 ரூபாய் கட்டினால் உரிமை மாறிவிடும். வாங்குபவர் மறுநாளே தன் பெயரில் காப்பீடு எடுத்துத் தொழிலைத் தொடங்கலாம். எண் இல்லாததை யாருக்கு விற்பது? மோட்டார், பேட்டரி, நாசில் என்று பிரித்துக் கழிவு விலைக்குப் போடத்தான் முடியும். பங்குதாரர்களின் பணத்தில் வாங்கும் நிறுவனம், கணக்கேட்டில் மதிப்பே இல்லாத பொருளை வைத்திருக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன்.

உள்ளூர் ட்ரோனுக்கு ஒரு பெரிய பலம் உண்டு: பழுது. ட்ரோனின் கை உடைந்தால் பூட்டிய பட்டறையிலேயே அன்று மாலைக்குள் சரியாகிவிடும். எங்களுக்கோ நிறுவனத்தின் உதிரிபாகம் வந்து சேரும் வரை காத்திருப்புதான். குறுவையில் புகையான் பூச்சி பரவும் வாரத்தில் அந்தக் காத்திருப்பு வலிக்கும். உபரி புரொப்பெல்லர்களையும் நாசில்களையும் கையிருப்பில் வைத்துச் சமாளிக்கிறோம். மோட்டார் போனால் எத்தனை நாள் ஆகும் என்பது எங்களுக்கு இன்னும் அனுபவமாகவில்லை. தென்னைக்கும் நாங்கள் தெளித்ததில்லை. நான் சொல்வதெல்லாம் நெல் வயலை வைத்துத்தான்.

வாங்கப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வகைச் சான்றிதழ் கொடுக்கப்படுவது மாடலுக்குத்தான், தயாரிக்கும் நிறுவனத்துக்கு அல்ல. ஒரு மாடலின் சான்றிதழைக் காட்டி வேறு மாடலை விற்க வருபவர்கள் இருக்கிறார்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன், விலைப்பட்டியலில் உள்ள மாடல் பெயரும் சான்றிதழில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.