ரோஜர் ஈபர்ட்டின் நாலு நட்சத்திரம்

ரோஜர் ஈபர்ட், சிகாகோ சன்-டைம்ஸ் நாளிதழில் 1967 முதல் 2013 வரை எழுதிய அமெரிக்கத் திரைவிமர்சகர். பழைய ஆங்கிலப் படம் பார்க்கும் முன் இவர் விமர்சனத்தைத்தான் புரட்டுவேன். உச்சம் நாலு நட்சத்திரம், நடுவில் அரையும் உண்டு. படத்தை அதன் வகைக்குள் வைத்தே எடைபோடுவார். பேய்ப்படமும் குடும்பக் கதையும் ஆளுக்கு மூன்று வாங்கினால், இரண்டும் சமம் என்று எண்ணிவிடாதீர்கள். எனக்குப் பிடித்ததே இந்த முறைதான்.

குறை என்றால், மூன்றை ரொம்பத் தாராளமாக அள்ளிக் கொடுப்பார். ஆனால் 'காட்ஃபாதர்' இரண்டாம் பாகத்துக்கும் முதலில் அதே மூன்றுதான்! பின்னால் அதைத் தன் 'மகத்தான படங்கள்' கட்டுரை வரிசையில் சேர்த்துக்கொண்டார். அதனால் நட்சத்திரத்தை எண்ணிவிட்டு நகராமல் எழுத்தைப் படியுங்கள். பூஜ்யம் வாங்கிய 'நார்த்' (1994) விமர்சனத்தில் தொடங்கலாம், சரியான திட்டு.