மூன்றடுக்குச் சுடுமண் உரப்பானை: வாங்கலாமா?

மாடித்தோட்டக்காரர்கள் பலரும் வாங்கிவரும் மூன்றடுக்குச் சுடுமண் உரப்பானையைக் கத்திரி வெயிலிலும் ஐப்பசி அடைமழையிலும் பயன்படுத்திப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். நால்வர் உள்ள வீட்டின் காய்கறிக் கழிவுக்கு இது போதுமானது. தோட்டத்துச் சருகு முழுவதையும் இதற்குள் அடக்க நினைப்பவர்கள், கம்பிவலையை வளையமாகச் சுருட்டி நிறுத்தி அதில் குவிப்பதே நல்லது.

மேலிரு பானைகளுக்கு அடியில் கயிற்று வலையும், பக்கங்களில் காற்றுத் துளைகளும் உள்ளன. மேற்பானை நிரம்பியதும் அதை நடுவில் வைத்து, நடுவிலிருந்த காலிப் பானையை மேலேற்றி நிரப்ப வேண்டும். அதுவும் நிரம்புவதற்குள் முதற்பானையில் இருப்பது பாதி மட்கி வற்றியிருக்கும் என்பதால், அதைக் கீழ்ப்பானையில் கொட்டிவிடலாம். பிளாஸ்டிக் தொட்டியில் தேங்கும் ஈரத்தைச் சுடுமண் உறிஞ்சி வெளியேற்றிவிடுவதே இதன் உண்மையான சிறப்பு. கோடையில் அதுவே வினையாகி, உள்ளிருப்பது காய்ந்து மட்குவது நின்றுவிடுகிறது. ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் நீர் சொட்டாமல் உள்ளங்கை மட்டும் நனைய வேண்டும். அந்தப் பதம் குறைந்தால் தண்ணீர் தெளித்தாக வேண்டும்.

பானையோடு சேர்த்து விற்கும் ‘நுண்ணுயிர்த் தூள்’ தேவையற்ற செலவு என்பது என் கருத்து. மட்குவதற்குத் தழைச்சத்து ஒரு பங்குக்குக் கரிமம் 25 முதல் 30 பங்கு இருக்க வேண்டும். காய்கறித் தோலில் தழைச்சத்தும் ஈரமும் மிகுதி, காய்ந்த சருகில் கரிமம் மிகுதி. ஆகவே கழிவு போடும்போதெல்லாம் நொறுக்கிய சருகை மேலே மூடும்படி தூவினாலே நாற்றமும் பழ ஈக்களும் அடங்கிவிடுகின்றன. நுண்ணுயிர்களுக்குப் பழைய உரத்தில் ஒரு பிடி போதும்.

விற்பவர் தந்த விளக்கத்தாளில் புழுக்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. சாம்பல் நிறத்தில் தடித்து நெளிபவை பெரும்பாலும் பிளாக் சோல்ஜர் ஈயின் புழுக்கள். அவை கழிவை விரைந்து தின்று தீர்ப்பவை, வளர்ந்த ஈக்களோ நம் உணவை மொய்ப்பதில்லை. இவ்வளவு சிறிய பானையில் விதைகளைக் கொல்லும் சூடு ஏறுவதில்லை என்பதையும் சொல்லியிருக்கலாம். கத்தரிச் செடிக்கு உரமிட்டால் அடுத்த வாரம் தக்காளியும் பூசணியும் முளைத்து நிற்கின்றன, எனக்கு அதில் வருத்தமில்லை.

உரம் தரமானது. செம்மண்ணோடு கலந்த தொட்டிகளில், மேலே ஊற்றிய தண்ணீர் உடனே அடித்துளை வழியே ஓடிவிடாமல் நிற்கிறது. இறுகிக் கிடந்த மண் விரலால் கிளறும் அளவுக்குப் பொலபொலத்துவிட்டது.

குறைகளில் முதன்மையானது மழை. பக்கத் துளைகள் வழியே சாரல் புகுவதால், கூரை நிழல் இல்லாத மாடிக்கு இது ஏற்றதல்ல. நிறைந்த பானையைத் தனியாளாகத் தூக்கி மாற்றுவதும் முதியோருக்கு இயலாத வேலை. வாங்கும்போது அடிவலையையும் பாருங்கள்: தேங்காய்நார்க் கயிறாக இருந்தால் கழிவோடு அதுவும் மட்கி அறுந்துவிடும், நைலான் கயிறு போட்டதைக் கேட்டு வாங்குங்கள்.