சமையலுக்கு எந்த ஊர் நூலும் ஆகும், சுவருக்கு இந்த ஊர் நூல்தான்

பொது நூலகத்தில் சமையல் நூல்களும் வீட்டுப் பழுதுபார்ப்பு நூல்களும் அடுத்தடுத்த தட்டுகளில் இருப்பது தற்செயல் அன்று. டியூயி தசமப் பகுப்பு முறையில் 640 என்ற எண் இல்ல நிர்வாகத்துக்கு உரியது, அதற்குள் 641.5 சமையலுக்கும், 643.7 வீட்டைப் பழுதுபார்த்துப் புதுப்பிப்பதற்கும் ஒதுக்கப்பட்டுள்ளன. எனவே ஜாலான் ராஜாவில், மெர்டேக்கா சதுக்கத்தை ஒட்டியிருக்கும் கோலாலம்பூர் நூலகத்துக்குள் ரசம் வைக்கும் நூலைத் தேடிப் போகிறவர், நாலடி நகர்ந்தால் குழாய் மாற்றும் நூலையும் கையில் எடுத்துவிடலாம். பார்த்துச் செய்தால் உங்களுக்கும் வரும் என்றுதான் இரண்டுமே சொல்கின்றன. கடந்த ஓராண்டாக இந்த இரு வகையிலும் புதிதாக வந்தவற்றை இரவல் வாங்கி, செந்தூலில் இருக்கும் எங்கள் வீட்டு அடுப்பிலும் சுவரிலும் செய்து பார்த்ததில், இரண்டையும் ஒரே அளவுகோலால் தேர்ந்தெடுக்கக் கூடாது என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன்.

நம் கைக்கு எட்டுபவை பெரும்பாலும் மூன்று தரப்பு நூல்கள்: தமிழகத்தில் அச்சான தமிழ் நூல்கள், இங்கேயே அச்சான மலாய் நூல்கள், அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளிலிருந்து வரும் ஆங்கில நூல்கள். முதலில் சமையலை எடுத்துக்கொள்கிறேன்.

தமிழகத்து நூல்களின் பலம், அவை தெரிந்தவரிடம் பேசுவதுபோல் பேசுவது. "பச்சை வாசனை போகும்வரை வதக்கவும்" என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு நம் வீட்டுப் பெண்ணோ பையனோ மேலே போய்விட முடியும். ஆனால் ஒரே சொல் இரண்டு ஊரில் இரண்டு பொருளைக் குறிக்கும்போது இந்தத் தமிழ் நம்மை ஏமாற்றிவிடுகிறது. மலேசியக் கடைகளில் 'தெபுங் கண்டும்' என்று பொட்டலத்தில் அச்சிட்டிருக்கும் வெள்ளை மாவைத்தான் நம்மில் பலர் கோதுமை மாவு என்று சொல்லி வளர்ந்தோம். தமிழகத்து நூலில் கோதுமை மாவு என்றால் அது முழுக் கோதுமையை அரைத்தது, அதாவது நாம் ஆட்டா என்று கேட்டு வாங்குவது. வெள்ளை மாவுக்கு அங்கே மைதா என்று பெயர். பள்ளி விடுமுறைக்கு வந்திருந்த என் அக்கா மகள், நூலில் இருந்த தண்ணீர் அளவை ஒரு சொட்டுப் பிசகாமல் அளந்து சப்பாத்தி மாவு பிசைந்தாள். ஆட்டா உறிஞ்சும் அளவுக்கு வெள்ளை மாவு தண்ணீரை உறிஞ்சாது என்பதால், மாவு விரல் இடுக்கெல்லாம் ஒட்டிக்கொண்டு உருட்ட வராமல் போயிற்று. பிள்ளையின் மேல் தவறில்லை. நூலின் மேலும் தவறில்லை. மசாலாவிலும் இதே இடறல் உண்டு. இங்கே மீனுக்கொன்று, இறைச்சிக்கொன்று என்று கலந்த கறித்தூள் பொட்டலங்களை வைத்தே பல வீடுகள் சமைக்கின்றன; அந்த நூல்களோ மிளகாய்த்தூளையும் மல்லித்தூளையும் தனித்தனியே கேட்கின்றன.

உள்ளூர் மலாய் நூல்களில் இந்தக் குழப்பம் அறவே இல்லை. செராய் என்னும் எலுமிச்சைப்புல், லெங்குவாஸ் என்னும் பேரரத்தை, பாண்டான் இலை என்று அவை கேட்பதெல்லாம் சௌகிட் சந்தையில் ஒரே சுற்றில் வாங்கக் கூடியவை. கறித்தூளும் நம் அலமாரியில் இருக்கும் அதே கறித்தூள்தான். அளவு மட்டும் சில இடங்களில் 'செச்சுக்குப் ராசா', அதாவது ருசிக்கேற்ப, என்று நின்றுவிடும். அடுப்பையே தொடாத ஒருவருக்கு அது போதாது. ஆயினும் இந்த நூல்களில் என்னை மிகவும் ஈர்த்தது ஒரு சொற்றொடர். சம்பால் வதக்கும்போது எப்போது அடுத்த பொருளைச் சேர்ப்பது என்பதற்கு அவை நிமிடக் கணக்குச் சொல்வதில்லை. 'பெச்சா மிஞ்ஞாக்' என்கின்றன. மிளகாய் விழுதிலிருந்து எண்ணெய் உடைந்து மேலே வரும் அந்த நிலையைத்தான் நம் அம்மாக்கள் எண்ணெய் பிரிந்து வரும்வரை என்று சொல்வார்கள். இரண்டு மொழிகளும் ஒரே அடையாளத்தைப் பார்த்து ஒரே சொல்லை உண்டாக்கியிருக்கின்றன. சின்னத் தீயில் இருபது நிமிடத்துக்கும் மேல் பிடிக்கக் கூடிய இந்த வேலைக்கு, நான் எடுத்து வந்த ஒரு ஆங்கில நூல் 'மிதமான தீயில் பத்து நிமிடம்' என்று எழுதியிருந்தது. அதன்படி செய்த சம்பாலில் மிளகாயின் பச்சை நெடி தொண்டையைப் பிடித்தது.

அதற்காக ஆங்கில நூல்களை ஒதுக்கிவிட நான் சொல்லமாட்டேன். ஏன் என்ற கேள்விக்கு மற்ற இரண்டையும் விட அவையே அதிகம் பதில் சொல்கின்றன. இட்லி மாவு பொங்குவதற்குக் காரணம் உளுந்திலும் அரிசியிலும் இயல்பாகவே இருக்கும் லூகோனோஸ்டாக் என்ற நுண்ணுயிர் வெளியிடும் வாயு என்பதை விளக்கி, சூடு குறைந்தால் அதன் வேலையும் மெதுவாகும் என்று சொல்லும் நூல் ஒன்று, குளிர் நாட்டு வாசகர்களை மனத்தில் வைத்து, மாவை, உள்விளக்கை மட்டும் எரியவிட்ட 'அவன்' அடுப்புக்குள் பன்னிரண்டு மணி நேரம் வைக்கச் சொன்னது. கோலாலம்பூரில் அப்படி வைத்தால் விடிவதற்குள் பாத்திரம் வழிந்துவிடும். ஆனால் காரணம் தெரிந்துவிட்டபடியால், நமக்கு அந்த அடுப்பும் வேண்டாம், அவ்வளவு நேரமும் வேண்டாம் என்பதை அந்த நூலைக் கொண்டே நாம் கண்டுகொள்ள முடிகிறது.

ஆங்கில நூல்களில் அளவுக் கோப்பையை மட்டும் விழிப்போடு பார்க்க வேண்டும். அமெரிக்கக் கோப்பை ஏறத்தாழ 240 மில்லிலிட்டர். ஆஸ்திரேலியக் கோப்பை 250. அவர்களுடைய மேசைக்கரண்டி 20 மில்லிலிட்டர், மற்றவர்களுடையது 15. இங்கே பல வீடுகளில் கப் என்று கைக்கு வருவதோ சோறு வடிக்கும் மின்குக்கரோடு வந்த 180 மில்லிலிட்டர் கோப்பை. குழம்புக்கு இதனால் பெரிய கேடில்லை. கேக்குக்கு உண்டு. கிராமில் எடை கொடுத்திருக்கும் நூல் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் அதை முதலில் எடுப்பது என் வழக்கம்.

ஆக, சமையலில் எந்த ஊர் நூலும் உதவும். பிழை வந்தால் கரண்டியில் எடுத்து நாக்கில் வைத்தவுடன் தெரிந்துவிடுகிறது. புளியைக் கூட்டலாம், தேங்காய்ப்பாலை ஊற்றலாம், மறுநாள் மாற்றிச் செய்யலாம். மூன்றில் ஒன்றை மட்டும் எடுத்து வர முடியும் என்றால், புதிதாகச் சமைக்கத் தொடங்குகிறவருக்கு உள்ளூர் மலாய் நூலையும், கைப்பழக்கம் வந்துவிட்டவருக்குக் காரணம் சொல்லும் ஆங்கில நூலையும் கொடுப்பேன். தமிழகத்து நூலை, சொற்கள் மாறும் இடங்களைச் சொல்லிக்கொடுக்க வீட்டில் ஒருவர் இருக்கும்போது கொடுப்பேன்.

பழுதுபார்ப்பு நூலில் நிலைமை இப்படி இல்லை. அங்கே ருசி பார்க்கக் கரண்டி கிடையாது.

படம், தாள், அச்சு எல்லாவற்றிலும் இந்தத் தட்டில் முன்னால் நிற்பவை அமெரிக்க நூல்களே. ஒவ்வொரு படிக்கும் ஒரு வண்ணப்படம் இருக்கிறது. ஆனால் அவை எழுதப்பட்ட வீடு வேறு. மரச்சட்டங்களை நிறுத்தி அதன்மேல் ஜிப்சம் பலகை அடித்த சுவருக்கு அவை வழி சொல்கின்றன: தட்டிப் பார், ஓசை மாறும் இடத்தில் சட்டம் இருக்கும், 16 அங்குலம் தள்ளி அடுத்த சட்டம் இருக்கும். எங்கள் தெரு வீடுகளின் செங்கல் சுவரைக் காலையிலிருந்து மாலைவரை தட்டினாலும் ஓசை மாறாது. நமக்கு வேண்டியது ஹேமர் ட்ரில், கல்லில் துளையிடும் முனை, துளைக்குள் செருகித் திருகாணியைப் பிடிக்க வைக்கும், துளைக்குச் சரியான 'வால் பிளக்'. இதை விளக்கிய மலாய் நூலில் வண்ணப்படம் ஒன்றுகூட இல்லை. தொழிற்பயிற்சி மாணவர்களுக்காக எழுதப்பட்ட அதில், மேலே சிமெண்டுப் பூச்சு, உள்ளே செங்கல் என்று கோட்டுப்படம் போட்டு, பிளக் பூச்சோடு நின்றுவிடாமல் செங்கலுக்குள் போய்ப் பிடிக்க வேண்டும் என்று காட்டியிருந்தார்கள். அந்த ஒரு படத்தை நம்பி நான் அடித்த புத்தகத் தட்டு இன்றுவரை அசையவில்லை.

குழாயில் நான் பட்டது இன்னும் தெளிவான பாடம். குளியலறைக் குழாய் ஒழுகியபோது, அமெரிக்க நூல் ஒன்றில் இருந்த பெயரையும் அரை அங்குலம் என்ற அளவையும் அப்படியே இணையக் கடையில் தேடி ஒரு குழாயை வாங்கினேன். சுவரில் இரண்டு மூன்று சுற்று நன்றாக ஏறியது. பிறகு இறுகி நின்றது. வெள்ளை டேப்பை எத்தனை முறை சுற்றினாலும் தண்ணீர் கசிந்தது. எங்கள் தெருவில் குழாய் வேலை செய்யும் அண்ணன் ஒருவர் அதைக் கழற்றி, கட்டைவிரல் நகத்தை அதன் மேல் ஓட்டிப் பார்த்துவிட்டு, "இது நம்ம ஊரு மரை இல்ல தங்கச்சி" என்றார். மரை என்பது குழாய் முனையில் சுற்றியோடும் திருகு வரி. அவர் சொன்னது முற்றிலும் சரி. அமெரிக்க மரையும், மலேசியாவில் புழங்கும் பிரிட்டிஷ் மரையும் அரை அங்குலக் குழாயில் ஓர் அங்குலத்துக்கு 14 சுற்றுகளே கொண்டவை. அதனால்தான் முதலில் பொருந்துவதுபோல் ஏறுகின்றன. ஆனால் அமெரிக்க மரையின் கோணம் 60 பாகை, பிரிட்டிஷ் மரையின் கோணம் 55 பாகை. முழுக்கப் பொருந்தாத ஒன்று முதல் இரண்டு சுற்றுக்குப் பொருந்திவிடுவதைப்போல ஏமாற்றக் கூடியது வேறில்லை.

மின்சாரத்தில் இந்த வேறுபாடு உயிரைத் தொடுகிறது. அமெரிக்க வீட்டில் 120 வோல்ட். நம் வீட்டில் 230. அதைவிடக் கொடியது நிறம். அமெரிக்க ஒயரிங்கில் மின்சாரம் ஓடும் கம்பி கறுப்பு, நியூட்ரல் வெள்ளை. கோலாலம்பூரின் பழைய வீடுகளில் சுவருக்குள் ஓடும் கம்பிகளில் சிவப்பில்தான் மின்சாரம்; கறுப்பு நியூட்ரல். அங்கே தொடாதே என்ற நிறம் இங்கே வேறொன்றைக் குறிக்கிறது. நிலையான ஒயரிங் வேலையைப் பதிவு பெற்றவர்களே செய்ய வேண்டும் என்பது இங்குள்ள சட்டம் என்பதால், எந்த நூலைப் படித்தும் சுவருக்குள் கை வைக்கக் கூடாது. ஆனாலும் மின்கருவியின் பிளக் மாற்றவும், ஃபியூஸ் பார்க்கவும், சுவிட்சுப் பெட்டியில் உள்ள மின்கசிவுத் தடுப்பியின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்கவும், வாட்டர் ஹீட்டருக்கு 10 மில்லியாம்பியர் தடுப்பி இருக்கிறதா என்று கேட்டறியவும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரிந்திருக்க வேண்டும். இவற்றை இந்த ஊருக்குரிய எண்களோடு சொல்பவை மலாய் நூல்களே.

தமிழகத்தில் அச்சான பழுதுபார்ப்பு நூல்களை நான் முதலில் குறைவாகவே மதித்தேன், அது தவறு. தாள் மட்டம்தான், படம் மங்கல்தான். ஆனால் அங்கும் செங்கல் சுவர். அங்கும் 230 வோல்ட். குழாயில் அதே பிரிட்டிஷ் மரை. பழைய ஒயரிங்கில் அதே சிவப்பும் கறுப்பும். ஒரே ஆட்சியின் கீழ் இருந்த இரண்டு நாடுகளின் சுவர்களும் இன்றுவரை ஒரே மாதிரிதான் பேசுகின்றன. மின் பிளக்கில் மட்டும் பிரிகிறோம்: அவர்களுடையது உருண்டை முனை, நம்முடையது ஃபியூஸ் வைத்த 13 ஆம்பியர் சதுர முனை. பிரிட்டிஷ் நூல்கள் பிளக்கிலும் நம்மோடு ஒத்துப்போகின்றன. ஆனால் அந்நாடு இருபதாண்டுகளுக்கு முன்பே சுவர்க் கம்பிகளின் நிறத்தைப் பழுப்பு, நீலம் என்று மாற்றிவிட்டதால், புதிய பதிப்பின் படங்கள் நம் பழைய வீடுகளுக்குப் பொருந்தா. என் வரிசை எனவே இதுதான்: முதலில் உள்ளூர் மலாய் நூல், அடுத்து தமிழகத்து நூல், பிறகு பிரிட்டிஷ் நூல். அமெரிக்க நூலை மரவேலைக்கு மட்டும் எடுக்கலாம். அதிலும் அவர்கள் இரண்டுக்கு நான்கு அங்குலம் என்று அழைக்கும் கட்டை உண்மையில் ஒன்றரைக்கு மூன்றரைதான் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

தேடும்போது 643.7-ஓடு நின்றுவிடாதீர்கள். மரவேலை 684-லும், குழாய் வேலை 696-லும், மின்சாரம் 621.3-லும் போய் உட்கார்ந்திருக்கும். கடைகளில் தீர்ந்துபோன உள்நாட்டு நூல் வேண்டுமென்றால் ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தேசிய நூலகத்தில் கேளுங்கள். 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்நாட்டுப் பதிப்பாளர்கள் தாங்கள் வெளியிடும் ஒவ்வொரு அச்சு நூலிலும் ஐந்து படிகளை அங்கே ஒப்படைக்க வேண்டும்.

இந்த ஊர்ச் சுவரையும் இந்த ஊர்க் குழாயையும் தமிழில் சொல்லும் நூல் ஒன்று என் கைக்கு இன்னும் வரவில்லை. அது வரும்வரை, இரவல் நூல்களைத் திருப்பிக் கொடுக்குமுன் வேண்டியவற்றை ஒரு நோட்டில் தமிழில் எழுதி வைக்கிறேன். முதல் பக்கத்தில் கம்பிகளின் நிறங்கள், இரண்டாம் பக்கத்தில் ட்ரில் முனைக்கு ஏற்ற பிளக் அளவுகள், மூன்றாம் பக்கத்தில் அந்த அண்ணன் வரைந்து காட்டிய இரண்டு மரைகள். அக்கா மகள் கடைசிப் பக்கத்தில் தானாகவே எழுதியிருக்கிறாள்: கோதுமை மாவு என்றால் ஆட்டா.