கோவணமா, பட்டாபட்டியா?

வேட்டிக்குள் ஜட்டி வேண்டாம் என்று முடிவானதும் எனக்கு மிச்சமிருந்தவை இரண்டுதான். ஏன் வேண்டாம் என்று, சித்திரை வெயிலில் எலாஸ்டிக் அறுத்த இடத்தில் வேர்க்குரு வந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கோவணத்துக்குச் செலவே இல்லை. பழைய வேட்டியில் சாண் அகலத்துக்கு நீளமாகக் கிழித்து, அரைஞாண் கயிற்றில் முன்னால் செருகி, கால் இடுக்கு வழியாக இழுத்துப் பின்னாலும் கயிற்றிலேயே செருகினால் முடிந்தது. தொப்பை ஏறினாலும் இறங்கினாலும் அளவுப் பிரச்சினை கிடையாது. ஏர் ஓட்டியவர்களுக்கும் கமலையில் மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைத்தவர்களுக்கும் இது தோதாக இருந்தது. சேறும் தண்ணீரும் பட்டாலும் காலில் ஒட்டாது, பிழிந்து போட்டால் சீக்கிரம் காய்ந்துவிடும். பெருமைக்கும் குறைவில்லை. பழனியில் முருகனே ஆண்டிக் கோலத்தில் இதோடுதான் நிற்கிறார். அமர்நீதி நாயனார் ஒரு கோவணத்துக்கு ஈடாகத் தன் பொருளையெல்லாம் தராசில் வைத்தும் போதாமல், கடைசியில் மனைவி மகனோடு தானும் ஏறினார். ஆனால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் குனிய முடியுமா? நாள் முழுக்கக் கோவணத்தோடு வேலை பார்த்த அனுபவமும் எனக்கில்லை, கிணற்றுக் குளியலோடு சரி.

அதனால் பட்டாபட்டி. கோடு போட்ட பருத்தித் துணியில் தைத்த உள்டவுசர், தொளதொளவென்று காற்று புகும், சந்தைக்குப் போனால் பணம் வைக்கப் பையும் உண்டு. இதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். என்னைச் சாய்த்தது நாடா.

எலாஸ்டிக் தளர்ந்துவிட்டால் துணி நன்றாக இருந்தாலும் கரித்துணிதான். நாடா நைந்தால் புதிதாக ஒன்று வாங்கி, நுனியில் ஊக்கைக் குத்தி இடுப்புப் பட்டிக்குள் விட வேண்டும். ஊக்கைத் துணியோடு சேர்த்துப் பிடித்து, துணியைச் சுருக்கிச் சுருக்கித் தள்ளினால் மறுபக்கம் வந்துவிடும். அப்புறம் துணி கிழியும்வரை கவலையில்லை. துவைக்கும்போது ஒரு நுனி உள்ளே ஓடிவிடுவது ஒரு தொல்லை. ஊறவைக்கும் முன் இரண்டு நுனிகளையும் முடிந்துவிட்டால் அதுவும் இல்லை. கட்டும்போது மட்டும் உருவுசுருக்காகப் போடுங்கள். கெட்டி முடிச்சு ஈரத்தில் இறுகிவிட்டால், அவசரத்துக்கு நிற்கிறவன் பாடு திண்டாட்டம்.

ரெடிமேடில் எலாஸ்டிக் வைத்த பட்டாபட்டியும் வருகிறது. வாங்கும் முன் இடுப்புப் பட்டியைத் தடவிப் பாருங்கள். சுருங்கி விரிந்தால் அங்கேயே வைத்துவிட்டு, துணியெடுத்துத் தையல்காரரிடம் கொடுங்கள்.