ட்ரோபோனின், டி-டைமர், பிஎன்பி, லாக்டேட்: அவசரப் பிரிவில் எந்த ரத்தப் பரிசோதனையை எதற்கு நம்பலாம்?

ஒரு ரத்தப் பரிசோதனை நம்பகமானதா என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. அது "நோய் இல்லை" என்று சொல்லும்போது நம்பலாமா, "நோய் உண்டு" என்று சொல்லும்போது நம்பலாமா என்று பிரித்துக் கேட்க வேண்டும். அவசரப் பிரிவில் புழங்கும் பயோமார்க்கர்களில் (நோயைக் காட்டும் ரத்தப் பொருள்களில்) பல ஒரு பக்கம்தான் உறுதியாகப் பேசும். அது எந்தப் பக்கம் என்று தெரியாமல் எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் மாரடைப்பு வந்தவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவோம், ஒன்றுமில்லாதவரை ஸ்கேனுக்குள் தள்ளுவோம்.

ட்ரோபோனின்: பழைய முறையும் நுண்ணுணர்வு முறையும்

இதயத்தசை சேதமடைந்தால் ரத்தத்தில் கலக்கும் புரதம் ட்ரோபோனின். முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஈசிஜியில் எஸ்டி பகுதி உயர்ந்து மாரடைப்பு தெளிவாகத் தெரிந்தால் ட்ரோபோனினுக்காகக் காத்திருக்கக் கூடாது. ஈசிஜி கைவிரிக்கும் இடத்தில்தான் அதற்கு வேலை.

பழைய ட்ரோபோனின் முறையில் அளவு உயர்வது தெரிய 3 முதல் 6 மணி நேரம் பிடிக்கும். அதனால் முதல் மாதிரி சரியாக இருந்தாலும் சில மணி நேரம் கழித்து இன்னொன்று எடுத்தே ஆக வேண்டும். உயர் நுண்ணுணர்வு முறை, ஆரோக்கியமானவர்களின் ரத்தத்தில் இருக்கும் மிகச் சிறிய அளவையே எண்ணிச் சொல்லும். ஆண்களிலும் பெண்களிலும் பாதிப் பேருக்காவது அளவிடக்கூடிய எண் வர வேண்டும், ஆரோக்கியமானவர்களின் 99-ஆவது சதமான எல்லையில் (நூற்றில் 99 பேரின் அளவு அடங்கும் எண்ணில்) அளவீட்டுத் தடுமாற்றம் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பவை அந்தப் பெயரைப் பெறுவதற்கான நிபந்தனைகள். இந்தத் துல்லியம் இருப்பதால்தான் ஒரு மணி நேர இடைவெளியில் இரண்டு மாதிரி எடுத்து முடிவு சொல்ல முடிகிறது.

சோதனையில் அளக்கும் ட்ரோபோனின் டி, ஐ என்று இரண்டு வகை. டி வகை நுண்ணுணர்வு ட்ரோபோனினுக்கான ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் வழிமுறை இது. வலி தொடங்கி 3 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்து, முதல் அளவு லிட்டருக்கு 5 நானோகிராமுக்குக் கீழ் இருந்தால் மாரடைப்பு இல்லை என்று தள்ளலாம். முதல் அளவு 12-க்குக் கீழ் இருந்து, ஒரு மணி நேரத்தில் ஏற்பட்ட மாற்றம் 3-க்குக் கீழ் என்றாலும் தள்ளலாம். முதல் அளவே 52 அல்லது அதற்கு மேல், அல்லது மாற்றம் 5 அல்லது அதற்கு மேல் என்றால் மாரடைப்பாகக் கருதி மேற்கொண்டு பார்க்க வேண்டும். இடைப்பட்டவர்களை வைத்திருந்து 3 மணி நேரத்தில் மறுபடி சோதிக்க வேண்டும்.

வலி தொடங்கி 90 நிமிடத்தில் வருபவருக்கு முதல் அளவு 4, ஒரு மணி நேரம் கழித்து 11 என்று வைத்துக்கொள்வோம். 99-ஆவது சதமான எல்லை 14. எனவே இரண்டு அறிக்கையிலுமே 'நார்மல்' என்றுதான் அச்சாகி வரும். ஆனால் ஏற்றம் 7; வலியோ அப்போதுதான் தொடங்கியது. இவரை அனுப்பக் கூடாது. மறுபக்கம், டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு 62, அடுத்து 63 என்று வரலாம். எண் பெரிது, ஆனால் அசையவில்லை. நாள்பட்ட இதயத்தசைப் பாதிப்புக்கே இது பெரும்பாலும் பொருந்தும். அளவு ஏற்கெனவே உயர்ந்திருப்பவருக்கு 20 சதவீதத்துக்கு மேல் ஏறினாலோ இறங்கினாலோதான் புதிய பாதிப்பு என்று கொள்ள வேண்டும்.

ஐ வகையா டி வகையா என்பதில் ஒட்டுமொத்தத் தரத்தில் பெரிய வித்தியாசமில்லை. சிறுநீரகச் செயலிழப்பிலும் எலும்புத்தசை நோய்களிலும் டி வகை கூடுதலாக உயர்ந்து நிற்கும். ஐ வகையில் வேறு சிக்கல்: ஒவ்வொரு நிறுவனத்தின் கருவிக்கும் எல்லை எண் வேறு. ஒரு மருத்துவமனையில் ஐ வகையும் அடுத்ததில் டி வகையும் எடுத்துவிட்டு 'ஏறியிருக்கிறது' என்று சொல்வது பெரும்பிழை. அப்படி நேர்ந்தால் முதல் மாதிரியிலிருந்தே மறுபடி தொடங்குங்கள்.

படுக்கையருகே வைத்துப் பார்க்கும் சிறு கருவி 15, 20 நிமிடத்தில் எண் தரும்; லேபில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். ஆனால் பழைய தலைமுறைச் சிறு கருவிகளால் மிகக் குறைந்த அளவுகளைக் கண்டறிய முடிவதில்லை. அவற்றில் 'நெகட்டிவ்' வந்ததை வைத்து ஒரு மணி நேர வழிமுறையை ஓட்டக் கூடாது.

மாதிரியிலும் கோளாறு வரும். சிவப்பணு உடைந்த மாதிரியில் டி வகை குறைவாகக் காட்டும்; சில ஐ வகைக் கருவிகள் கூட்டிக் காட்டும். முடி, நகத்துக்கென்று அதிக டோஸ் பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவருக்கு, பயோட்டின்-ஸ்ட்ரெப்டாவிடின் பிணைப்பில் இயங்கும் சில முறைகளில் ட்ரோபோனின் பொய்யாகக் குறையும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017-இல் இதை எச்சரித்தது. 'என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்' என்ற கேள்வியில் சத்து மாத்திரையையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

டி-டைமர்: தள்ளுவதற்கு மட்டும்

ரத்தக்கட்டி கரையும்போது உண்டாகும் புரதத் துண்டு டி-டைமர். நுரையீரல் ரத்தக்குழாயிலோ காலின் சிரையிலோ ரத்தக்கட்டி இருக்கிறதா என்பதில் டி-டைமர் ட்ரோபோனினுக்கு நேர் எதிர். உயர்ந்தால் அதற்கு அர்த்தம் குறைவு. கர்ப்பம், புற்றுநோய், அறுவை சிகிச்சை, தொற்று, முதுமை எல்லாமே உயர்த்தும். குறைவாக வந்தால் மட்டுமே பயன், அதுவும் சந்தேகம் குறைவாக உள்ளவரிடம்.

கணக்குப் போட்டால் புரியும். உணர்திறன் (நோய் உள்ளவரைக் கண்டுபிடிப்பது) 95 சதவீதம், தனித்திறன் (நோய் இல்லாதவருக்கு 'நெகட்டிவ்' சொல்வது) 40 சதவீதம் என்று வைப்போம். 1000 பேரில் 100 பேருக்குக் கட்டி இருந்தால், அவர்களில் 5 பேரைச் சோதனை தவறவிடும். நோயில்லாத 360 பேருக்கும் 'நெகட்டிவ்' வரும். ஆக, 'நெகட்டிவ்' வந்த 365 பேரில் 5 பேர், அதாவது 1.4 சதவீதம். அதே சோதனையை 1000-க்கு 400 பேருக்குக் கட்டி உள்ள கூட்டத்தில் செய்தால், 'நெகட்டிவ்' வந்த 260 பேரில் 20 பேருக்கு நோய் இருக்கும். கிட்டத்தட்ட 8 சதவீதம். கருவி மாறவில்லை, ஆட்கள்தான் மாறினார்கள். அதனால்தான் முதலில் வெல்ஸ் மதிப்பெண் (அறிகுறிகளை வைத்து ரத்தக்கட்டிச் சந்தேகத்தை எடைபோடும் பட்டியல்) போட வேண்டும். சந்தேகம் வலுவாக இருந்தால் டி-டைமரை விட்டுவிட்டு நேராக சிடி ஸ்கேன்.

50 வயதுக்கு மேல் எல்லையை வயதுக்கேற்ப உயர்த்துவது நல்ல வழக்கம்: வயது × 10 (மில்லிலிட்டருக்கு நானோகிராமில்). 78 வயதுக்கு 500 அல்ல, 780. ஆனால் டி-டைமரை லேப்கள் எஃப்இயு, டிடியு என்று இரண்டு அலகில் தருகின்றன; இது எஃப்இயு அலகுக்கு மட்டும்தான். டிடியு அலகில் எண் ஏறத்தாழ பாதியாக வரும்; எல்லையும் 250 அளவில் இருக்கும். டிடியு அறிக்கையில் 400 வந்ததை 500-க்குக் கீழ் என்று படித்து அனுப்பினால் ஆபத்து. அலகைப் பார்க்காமல் எண்ணைப் படிக்காதீர்கள். ரத்தம் உறையாமல் காக்கும் சிட்ரேட் குழாயைக் கோடு வரை நிரப்புவதும் முக்கியம். சிட்ரேட் 1-க்கு ரத்தம் 9 என்ற விகிதம் கெட்டால் ரத்தம் நீர்த்து அளவு குறையும். ரத்தக்கட்டியைத் தடுக்கும் மருந்து ஏற்கெனவே தொடங்கியவருக்கும் அளவு குறைந்து வரலாம்.

பிஎன்பியா, என்டி-ப்ரோபிஎன்பியா?

இதயத்தசை அழுத்தத்தில் விரியும்போது இதயம் வெளிவிடும் ஹார்மோன் பிஎன்பி; அதோடு சேர்ந்து பிரிந்து வரும் துண்டு என்டி-ப்ரோபிஎன்பி. மூச்சுத்திணறல் இதயச் செயலிழப்பாலா என்று பார்க்க இரண்டுமே தள்ளுவதில் வலுவானவை: மில்லிலிட்டருக்கு பிகோகிராம் கணக்கில் பிஎன்பி 100-க்குக் கீழ், என்டி-ப்ரோபிஎன்பி 300-க்குக் கீழ். உறுதி செய்ய என்டி-ப்ரோபிஎன்பிக்கு வயது வாரியாக 450, 900, 1800 என்று எல்லை. 50-க்குக் கீழ், 50 முதல் 75, அதற்கு மேல். நாங்கள் என்டி-ப்ரோபிஎன்பி பக்கம்தான். பிஎன்பி அறை வெப்பத்தில் சில மணி நேரத்தில் சிதையும், இடிடிஏ குழாயில் எடுத்து உடனே லேபுக்குப் போக வேண்டும். மற்றது நாள் கணக்கில் தாங்கும். இதயச் செயலிழப்புக்கான சாக்குபிட்ரில் மருந்து எடுப்பவருக்கு பிஎன்பி மருந்தாலேயே ஏறும், மற்றது ஏறாது. சிறுநீரகம் பழுதானால் மட்டும் என்டி-ப்ரோபிஎன்பி கூடுதலாக உயரும். உடல் பருமன் உள்ளவருக்கு இரண்டுமே குறைந்து காட்டும். அவர்களிடம் குறைந்த எண்ணை வைத்து நிம்மதி அடையக் கூடாது.

ப்ரோகால்சிடோனின், சிஆர்பி, லாக்டேட்

சிஆர்பி, ப்ரோகால்சிடோனின் இரண்டும் தொற்றிலும் அழற்சியிலும் ரத்தத்தில் ஏறும் புரதங்கள். தொற்றில் சிஆர்பி ஏற 6 முதல் 12 மணி நேரமாகும்; ப்ரோகால்சிடோனின் 2 முதல் 4 மணி நேரத்தில் ஏறத் தொடங்கும், பாக்டீரியாவை நோக்கிக் கொஞ்சம் கூடுதலாகச் சாயும். ஆனாலும் செப்சிஸ் (தொற்றால் உறுப்புகள் செயலிழக்கும் நிலை) சந்தேகத்தில் ஆன்டிபயாடிக் தொடங்குவதை இந்த எண்ணுக்காகத் தள்ளிப்போடக் கூடாது. 2021 செப்சிஸ் வழிகாட்டுதலும் அதையே சொல்கிறது. மருந்தை எப்போது நிறுத்தலாம் என்பதில்தான் ப்ரோகால்சிடோனின் உதவும்.

திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாதபோது ரத்தத்தில் கூடும் லாக்டேட் நோயின் பெயரைச் சொல்லாது. ஆபத்தின் ஆழத்தைச் சொல்லும். லிட்டருக்கு 2 மில்லிமோலுக்கு மேல் கவனம், 4 என்றால் அவசரம். சாதாரணக் குழாயில் எடுத்து மேசையில் வைத்துவிட்டால் சிவப்பணுக்களே சர்க்கரையை உடைத்து லாக்டேட்டைக் கூட்டிவிடும். ஃப்ளோரைடு உள்ள சாம்பல் மூடிக் குழாயில் எடுங்கள், அல்லது எடுத்த கையோடு ரத்த வாயுக் கருவியில் போடுங்கள். சால்பியூட்டமால், அட்ரினலின், வலிப்பு, கல்லீரல் செயலிழப்பு ஆகியவையும் உயர்த்தும்.

எத்திலீன் கிளைக்கால் (வாகன எஞ்சின் குளிர்விப்பு திரவத்தில் இருக்கும் நச்சு) குடித்தவரிடம் லாக்டேட் ஆக்ஸிடேஸ் நொதியில் இயங்கும் சில ரத்த வாயுக் கருவிகள், அதன் சிதைபொருளான கிளைக்காலிக் அமிலத்தை லாக்டேட் என்று எண்ணி மிக உயர்ந்த எண் தரும். அதே ரத்தம் வேறு முறையில் இயங்கும் லேப் கருவியில் சாதாரணமாக வரலாம். காரணம் தெரியாத கடும் அமிலத்தன்மையோடு ஒருவர் வந்து, இரண்டு எண்ணும் இப்படி விலகி நின்றால், எது சரி என்று வாதாடிக்கொண்டிருக்காமல் நஞ்சை நினையுங்கள். மாற்று மருந்தான ஃபோமெபிசோலும் டயாலிசிஸும் உடனே தேவைப்படலாம்.